கீரிமலையில் நனையாதவன்

2013ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் மூன்று தரம் முழுகி எழுந்த ஜெயதீபன், இறங்கியபோது இருந்த அதே காய்ந்த தலையோடு படியேறினான். வேட்டிக் கஞ்சிகூடக் குலையவில்லை. தர்ப்பணத்துக்குக் கையேந்தினால் தண்ணீர் விரலிடுக்கால் ஓடிவிட, எள் மட்டும் உள்ளங்கையில் உலர்ந்து கிடந்தது. ஐயர் நாற்பது வருடம் அந்தப் படியில் இருந்தவர், பதறவில்லை. "தம்பி, உங்கடை அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டார். தெரியாது என்றான் ஜெயதீபன். பின்னால் வரிசை நீளமாக நின்றதால் ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெரியாது என்பதுதான் அந்த வீட்டின் முழுப் பிரச்சினையும். அவன் அப்பா, உடுப்பிட்டி லொறிச் சாரதி தம்பிஐயா, 2009 மே மாதம் யுத்தம் முடிந்த கையோடு வன்னியில் ஆமியின் பஸ் ஒன்றில் ஏற்றப்பட்டார். அதோடு சரி. ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாதவர்களுக்கு உரியது. தகப்பன் இருக்கும்போது பிடிப்பவன் அவரைத் தன் கையாலேயே அனுப்பிவைக்கிறான் என்று யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும். அவர் மனைவி மகாதேவி காலையில் பொட்டு வைத்தாள், இரவில் கதவைப் பூட்டாமல் படுத்தாள், சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூட வெளியூரில் ஒரு ராத்திரி தங்கவில்லை. அவளைத் தனியே விட மனமில்லாமல் ஜெயதீபன் இரண்டு கப்பல் வேலைகளைக் கைவிட்டான். கடைசியில் தம்பிஐயாவின் தங்கை அருமைநாயகிதான் வாயைத் திறந்தாள். "அண்ணை இருந்தால் இவ்வளவுக்கு ஒரு சொல் அனுப்பியிருப்பார். அவள் கிடந்து தேயிறாள். நீ போய்ச் செய்து முடி." அவன் தாய்க்குச் சொல்லாமல் போனான்.

செய்தி மினிபஸ்ஸில் ஏறி அவனுக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டது. மகாதேவி ஏசவில்லை. வேலிப் படலையடியில் நின்று அவன் தலைமயிருக்குள் கையை விட்டுப் பார்த்தாள், நேரே சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கிவந்தாள். ஊர் முழுக்கக் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு தின்ற மத்தியானத்தில் அந்த ஒரு வீட்டு மீன்குழம்பு மணம் நாலு வேலி தாண்டிப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதுதான். அவன் சவர்க்காரம் போட்டுப் பார்த்தான், தலைகீழாகக் குதித்துப் பார்த்தான். மற்ற நாட்களில் அதே கேணி அவனை எல்லோரையும் போல நனைத்தது, சளியும் பிடித்தது. சனங்களுக்குப் பழகிவிட்டது. ஈர வேட்டிக்காரர்களை எழுப்பி நிறுத்தும் கொண்டக்டர் அவனை மட்டும் சீற்றில் இருக்க விட்டார். ஆனால் அவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நாலு வேலை மாறினான். இந்தியாவுக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, காங்கேசன்துறைக்கு மோட்டார்சைக்கிளில் போய் அது புறப்படுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தான். பாவம், முப்பத்தைந்து வயதுக்குள் பாதி தலை நரைத்துவிட்டது.

2024இல் அவன் கீரிமலைக்குப் போகவில்லை. உடுப்பிட்டிக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு, கிணற்றில் ஏழு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மகாதேவி வழக்கம்போல அவன் தலைக்குள் கையை விட்டாள். தண்ணீர் அவள் மணிக்கட்டால் வழிந்து முழங்கை வரை ஓடியது.

"நனைஞ்சுதோ?"

"ஓம் அம்மா."

அவள் அழவில்லை. குசினி வாசலில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப இண்டைக்குக் கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்கலாம்" என்றாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் அவளும் ஒரு முடிவுக்காகத்தான் அவன் தலையைத் தடவிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த மடையனுக்கு விளங்கியது. அவள் சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தாள். அது போகவில்லை. நல்லெண்ணெய் பூசினாள், தேசிக்காய் பிழிந்து தேய்த்தாள், சவர்க்காரம் போட்டு அரை மணிநேரம் உரஞ்சினாள். சுற்றிவரத் தோல் சிவந்து எரிந்தது. பொட்டு, காலையில் வைத்த அதே வட்டத்தில், ஒரு துகள்கூட உதிராமல் நின்றது. ஜெயதீபன் ஈர வேட்டியோடு முற்றத்திலேயே நின்றான்.

"நீ அங்கை போகேல்லை, என்ன தம்பி?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். கேட்டவளின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அவள் துவாயை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டாள், பிறகு சந்தைக்குப் போகப் பனையோலை உமலை எடுத்துக்கொண்டாள். அன்றுமுதல் மகாதேவி காலையில் பொட்டு வைப்பதில்லை. அது இருக்கிறது.