புழுக்கை விழும்வரை

உருத்தியா டாக்டரைச் சும்மா விடுவதில்லை என்று நெல்டா கிரோஸ் தீர்மானித்தது பக்கத்து ஊரான வீன்யாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில். மடியில், துண்டுக்குள் அவள் முயல் சோக்லோ. காது இரண்டும் பின்னால் சாய்ந்து, கண் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலி தாங்காத முயல் அப்படித்தான் பல்லைக் கடிக்குமாம். அதுகூட நெல்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். சோக்லோவுக்கு வாயில் எச்சில் ஒழுகியது, புல்லை மென்று மென்று துப்பியது. வால்பராய்சோவில் அவள் குடியிருக்கும் குன்றில் மிருக வைத்தியர் என்றால் உருத்தியா ஒருவர்தான். நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டே பெரிய மனுஷரானவர். முயலை மேசைமேல் வைத்ததும் சிரித்தார்.

"இதை ஏன் நெல்டாம்மா இங்க தூக்கிட்டு வந்தீங்க? வெங்காயம் போட்டு வினிகர் ஊத்தினா ஞாயித்துக்கிழமை சாப்பாடு ஆச்சே!"

காத்திருந்த கூட்டமும் சிரித்தது. பிறகு நாய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்து நீட்டினார். பல்லை வெட்ட வேண்டும், அதுவரை பட்டினி போடுங்கள் என்றார். நெல்டா அப்படியே செய்தாள். டாக்டர் சொன்னதைச் செய்யாமல் வேறு எதைச் செய்வாள்?

முயல் சுருண்டுவிட்டது. வைக்கோலை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. அள்ளிக்கொண்டு வீன்யாவுக்கு ஓடினாள். அங்கே மைத்தேன் ஓலாவே என்ற பெண் டாக்டர், முயல், கிளி, ஆமை மட்டுமே பார்ப்பவர். சிரப் பாட்டிலைப் பார்த்ததுமே அவர் முகம் கறுத்துவிட்டது.

"இந்த மருந்தை முயலுக்கு வாய்வழியா கொடுக்கவே கூடாதும்மா. குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துடும். போதாக்குறைக்குப் பட்டினி வேறயா? முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா ஆளே போச்சு."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடைப்பு இல்லை. வலிக்கு ஊசி போட்டார், தோலுக்கடியில் நீர் ஏற்றினார், கரைத்து ஊட்டப் பொடியும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தார். "பல்லை அப்புறம் பாத்துக்கலாம். சூடா வைங்க. சத்தமே ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருங்க. புழுக்கை போட்டுட்டா தப்பிச்சான்."

போடாவிட்டால் என்ன என்று நெல்டா கேட்கவில்லை. பஸ் ஏறியதும் உருத்தியாவின் சிரிப்புதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பை அந்த ஆள் வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும்.

நேராகப் பக்கத்து வீட்டு ஒரியேத்தாவின் கதவைத் தட்டினாள். காய்கறி விற்பவள். குன்றில் யார்மேல் ஃபூனா வைத்தாலும் தலைமை அவள்தான். அநியாயம் செய்தவன் வாசலுக்கே போய், சட்டி பானை தட்டி, அவன் செய்ததை ஊரறியச் சொல்வதுதான் ஃபூனா. ஆனால் ஒரு கட்டாயம் உண்டு. அடிபட்டவள் முன்னால் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் இல்லாவிட்டால் அது வெறும் வம்பு.

"கவலையே படாதக்கா," என்றாள் ஒரியேத்தா. "நாளைக்குக் காலையில அந்த ஆளு மூஞ்சியை எங்க வச்சுக்கிறான்னு பார்ப்போம்."

நெல்டாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆனால் ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். ஃபூனா கிளம்புவது எப்போதுமே அடிபட்டவள் வாசலிலிருந்துதான். மறுநாள் காலை அவள் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து சிரிஞ்சால் ஊட்டிக்கொண்டிருந்தபோது, தெருவே இடிந்து விழுவதுபோல் சத்தம் கிளம்பியது. சட்டி, மூடி, கரண்டி. சோக்லோ துள்ளிப்போய்ச் சுவரில் மோதி, அங்கேயே கல்லாய் உறைந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது.

கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். "நிறுத்துங்கடி! யாருடி உங்களை இங்க தட்டச் சொன்னது?"

"நீதானேக்கா கூப்பிட்ட?" ஒரியேத்தா கரண்டியைத் தூக்கியபடியே விழித்தாள்.

"அந்த ஆளு வாசல்ல தட்டச் சொன்னேன். என் முயலைக் கொல்லவா சொன்னேன்?"

"சரி, வா, போலாம். நீ வராம நாங்க அங்க போய் என்னத்தைச் சொல்றது?"

எல்லாரும் வந்திருந்தார்கள். இப்போது இறங்கினால் உருத்தியாவின் அறை நிறைய ஆள் இருக்கும், அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள். நெல்டாவின் ஒரு கால் தெருவில் இருந்தது. உள்ளே சோக்லோ தனியாக இருந்தது, ஊட்டியதும் பாதிதான்.

"இன்னைக்கு முடியாது," என்றாள். "அவன் எங்கயும் ஓடிட மாட்டான்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கோபத்தில் அழுதாள்.

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உருத்தியா நின்றார். சேதி எட்டிவிட்டது.

"ஊர்ல என்னென்னவோ பேசிக்கிறாங்க நெல்டாம்மா. நமக்குள்ள முடிச்சுக்கலாமே."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஊற்றிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் ராத்திரி முழுக்க ஊட்டி ஊட்டிக் கை ஓய்ந்துபோயிருந்தது. சிரிஞ்சை அவர் கையில் திணித்தாள்.

"உட்காருங்க."

"எங்க?"

"தரையில. அவன் தரையிலதான் கிடக்கான்."

உட்கார்ந்தார். சோக்லோவை நாய்க்குட்டியைப்போல மல்லாத்தப் போனார். நெல்டா கையைத் தட்டிவிட்டாள். "மல்லாத்தாதீங்க! மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பல்லுக்குப் பக்கவாட்டுல, கொஞ்சமா விடுங்க. அவன் மென்னு முழுங்கட்டும். நானே நேத்துதான் கத்துக்கிட்டேன். நீங்க எப்பக் கத்துக்கப்போறீங்க?"

அவர் ஊட்டினார், வயிற்றைத் தடவினார், மறுபடி ஊட்டினார். முட்டி வலித்து நெளிந்தபோது நெல்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் தனக்கு மட்டும் தேநீர் ஊற்றி, ரொட்டியில் வெண்ணெய்ப்பழம் மசித்துத் தடவி, அவர் எதிரிலேயே தின்றாள். இந்தா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருட்டும் நேரத்தில் சோக்லோ பின்காலை நகர்த்தியது. துண்டில் சின்னதாக, காய்ந்துபோய் ஒரு புழுக்கை. அதன் பின்னால் இன்னொன்று.

"போட்டுடுச்சு!" என்று முதலில் கத்தியது உருத்தியாதான்.

"கத்தாதீங்க," என்றாள் நெல்டா. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு முயலைப் பத்தி ஒண்ணுமே தெரியாது நெல்டாம்மா," என்றார் மெதுவாக.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வீன்யாவுக்குப் போயிருப்பேன். தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. சிரிக்க மட்டும் வந்துச்சு."

அவர் சிரிஞ்சைத் தரையில் வைத்தார். "அதான் பிழைச்சிருச்சே. அப்ப அந்த ஃபூனா..." என்று இழுத்தார்.

"பிழைச்சது அவன். நீங்க இன்னும் பிழைக்கல. இப்பச் சொன்னீங்களே, எனக்குத் தெரியாதுன்னு, அதை நாளைக்கு உங்க வாசல்ல நின்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா இவ்வளவு சுருக்கமா இருக்காது."

முட்டி பிடித்துக்கொண்டதால் உருத்தியா எழுந்திருக்கக் கையை நீட்டினார். நெல்டா கை கொடுக்கவில்லை.