லெட் யூ கோ

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டும் அவள் கணவனுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. அன்று கட்டைப் பிரிக்கிற நாள்; சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். மதியம் மேனேஜரே கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் மேஜையைப் பார்த்தபடி, "ஐயாம் சாரி. வீ ஹேவ் டு லெட் யூ கோ," என்றார்.

லெட் என்றால் விடுவது, கோ என்றால் போவது. சாரி எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்காக இருக்கும்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள். மேனேஜருக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் கால் குச்சியாக இருந்தது. "இது என் கால்தானா, மாத்திட்டாங்களா?" என்று கேட்டான் கணவன்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். சூப்பர்வைசர் அம்மா திகைத்துப் போனாள்.

"நீ ஏன் வந்தே?"

"ஏன், இன்னிக்கு லீவா?"

அந்த அம்மா அவளை ஓரமாக உட்காரவைத்துச் சொன்னாள். "லெட் கோன்னா போயிட்டு வான்னு இல்லடி. இனிமே வரவே வேணாம்னு அர்த்தம். துணியெல்லாம் வெளியே துவைக்கக் குடுக்கப் போறாங்களாம்."

அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நேத்து நான் தேங்க்ஸ் சொன்னேனே சார். அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"புரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"தமிழ்ல சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்."

"தமிழ்ல சொல்ல வாய் வரலம்மா."

"இப்பச் சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். "உங்களை வேலையை விட்டு நிறுத்திட்டோம்," என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"சரி சார்," என்றாள். படியிறங்கி வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் கணவன் சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தேங்க்ஸ் சொன்ன இடம் வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அடுத்த வாரமே வண்டி எடுத்துடறேன்," என்றான்.

"டாக்டர் சொல்லாம எடுத்தீங்கன்னா அந்தக் காலை நான் உடைப்பேன்."

கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் அம்மாவையும் நிறுத்தினார்கள். இருவரும் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டார்கள். சம்பளம் குறைவுதான், நிற்கிற நேரமும் அதிகம். பேச்சுத்துணைக்கு மட்டும் பஞ்சமில்லை.