சத்தத்தைக் கேட்டது யார்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு, சத்தத்தை அளக்கும் 'டெசிபல்' என்று பட்டப்பெயர். சுவர் இடிந்தாலும் டயர் வெடித்தாலும் செய்தியில் 'பயங்கர சத்தத்துடன்' என்று சேர்த்துவிடுவது அங்கே பழக்கம். குழம்புக்கு உப்பு போடுவதுபோலக் கை தானாகப் போகும். நிருபரான அவர் மட்டும் போடமாட்டார். சத்தத்தைக் கேட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, எங்கே நின்றீர்கள், எப்படிக் கேட்டது என்று துருவிய பிறகுதான் எழுதுவார். தலைவர்கள்கூட அவர் செய்தியில் லேசில் முழங்கியதில்லை; பேசினார்கள், அவ்வளவுதான். தலைவர் ஒருவர் கோபித்துக்கொண்டு ஃபோன் செய்தபோது, இவர் "மைக் வேலை செய்யலையேய்யா, நாலாவது வரிசையில எனக்கே கேக்கல" என்றார்.

அதே அலுவலகத்தில் துணை ஆசிரியராக இருந்த அவர் மனைவி, "நான் கத்தினாக்கூட சாட்சி கேப்பீங்க" என்று சீண்டுவாள்.

மழை விட்ட ஒரு மதியம், நடந்து போய்க்கொண்டிருந்த அவர்மேல் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் விழுந்தது. எதிரே கடை வைத்திருந்த தையல்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். வரும்போதே உயிர் இல்லை.

வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது செய்தி ஆசிரியர் அழைத்தார். கணவர் வயது சரிதானா என்று கேட்க, எழுதி வைத்திருந்த செய்தியை வாசித்தார்.

"பயங்கர சத்தத்துடன் சுவர் இடிந்து..."

"நிறுத்துங்கண்ணே. சத்தத்தை யார் கேட்டது?"

"எப்பவும் போடுறதுதானேம்மா. இந்த நேரத்துல போய்..."

"அவரப் பத்தின செய்தியிலயுமா? கொஞ்சம் லைன்ல இருங்க."

தையல்காரர் சட்டையெல்லாம் செம்மண்ணாகச் சுவரோரம் நின்றிருந்தார். "அண்ணே, சுவர் விழுந்தப்போ சத்தம் கேட்டுச்சா?"

அவர் யோசித்தார். "பொய் சொல்லக் கூடாதும்மா. ஊறிப்போன சுவரு. நான் மெஷின் மிதிச்சிக்கிட்டிருந்தேன், ஒண்ணுமே கேக்கல. திடீர்னு கடைக்குள்ள வெளிச்சம் வந்துச்சு. என்னடான்னு நிமிர்ந்தா, எதிர்ல சுவரக் காணோம்."

அவள் அதை ஃபோனில் அப்படியே சொன்னாள். செய்தி ஆசிரியர் எழுதிக்கொள்வது கேட்டது. "டெசிபல் பொண்டாட்டிம்மா நீ" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கொழுந்தன் எல்லாப் பத்திரிகைகளையும் வாங்கி வந்தான். முகம் வாடியிருந்தது. "மத்ததுல எல்லாம் தெருவே அதிர்ந்துச்சுன்னு பெருசா போட்டிருக்கான் அண்ணி. நம்ம பேப்பர்லதான் சின்னதா முடிச்சிட்டாங்க."

"நம்மத படி."

"சுவர் விழுந்த சத்தம் எதிர்க்கடைத் தையல்காரருக்குக் கேட்கவில்லை. கடைக்குள் திடீரென வெளிச்சம் வந்ததால் அவர் நிமிர்ந்து பார்த்தார்."

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "உங்கண்ணன் இதுல ஒரு எழுத்தைக்கூட வெட்டமாட்டார்."

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது.

"இன்னொரு தடவை படிப்பா" என்றாள். "பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும். சத்தமாவே படி."