துண்டுக்கு அடியில் ஒரு நாடி

மட்டாஞ்சேரியில் ஓர் இதயத்தின் விலை ஒன்பதாயிரம் ரூபாய். நின்று பேரம் பேசினால் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கும்.

விலைப்பலகை பஜார் ரோட்டில், ஒரு பழைய சுக்குக் கோடவுனின் மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்கியது. எடைப் பயிற்சிக்கு வருடம் ஏழாயிரம், இதயப் பயிற்சிக்கு ஒன்பதாயிரம் என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயமும் வரைந்து வைத்திருந்தார் ஜிம் முதலாளி ஷிபு. மிளகுத் தரகர் வைத்தீஸ்வரன் அதை இரண்டு தரம் படித்தார்.

"இந்த ரோட்டுல இன்னிக்குத்தான் ஒருத்தன் உருப்படியான சரக்குக்கு விலை போட்டிருக்கான், அண்ணே."

"விலை ஜாஸ்தி" என்றார் அழகர். சரக்கு என்னவென்று அவர் கேட்கவில்லை. எந்தச் சரக்குக்கும் அவருடைய முதல் வார்த்தை அதுதான்; விற்பது அவராக இருந்தால் மட்டும் மாறும்.

அழகருக்கு ஐம்பத்துநாலு வயது. போடியிலிருந்து வந்து முப்பது வருடமாக இதே தெருவில் மிளகு விற்கிறார். வைத்திக்கு ஐம்பத்தொன்று. வடக்கே இருக்கிற கம்பெனிகளுக்கு மிளகு வாங்கிக் கொடுப்பவர். ஆக, ஒருவர் விலையை ஏற்ற வேண்டியவர், மற்றவர் இறக்க வேண்டியவர். அதனாலேயே இருபது வருடமாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவருக்கும் பொழுது விடியாது.

அழகருடைய மனைவி பாக்கியலக்ஷ்மி, "இந்தத் தொப்பையோட என் பொண்ணு கல்யாணத்துல வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் தை மாதம். வைத்தி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவரை மாடிப்படி ஏற்றினார். ஒரு ஆளைக் கூட்டி வந்தால் ஒரு மாதம் இலவசம் என்று ஷிபு சொல்லியிருந்ததை மட்டும் அழகரிடம் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் பேசி, எடைக்கு ஏழு, இதயத்துக்கு ஆறரை என்று முடித்தார்கள். ஷிபு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் வேற எக்சர்சைஸே வேண்டாம்" என்றார்.

பயிற்சி கொடுப்பவள் சோனியா. கும்பளங்கிக்காரி, தினமும் ஸ்கூட்டரில் வந்து போவாள். தடித்த தமிழ் வணிகர்கள் எல்லோருமே அவளுக்கு அண்ணாச்சிதான். முதல் நாளே திட்டம் எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடை. அது முடிந்ததும் இருபது நிமிடம் மெதுநடை. நடுவில் வரும் நாட்களில் ட்ரெட்மில் மட்டும். ஞாயிறு முழு ஓய்வு.

"எடை தூக்கினா தசை வளரும். நடந்தா, ஓடினா ஹார்ட் வளரும். ரெண்டும் வேணும். பட்சே ரெண்டையும் ஒரே நாள்ல கடைசி வரைக்கும் பிழிஞ்சா ரெண்டும் கெடும். ஓய்வுலதான் உடம்பு பலம் வைக்கும், அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமைக்கும் சேத்துத்தானே காசு வாங்கினீங்க?"

"வாங்கினோம்."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் தூக்கணும்."

கணக்கு அழகருக்கு அத்தனை நேர். இரண்டுக்கும் பணம் கொடுத்தாயிற்று, இரண்டையும் தினமும் எடுத்தாக வேண்டும். காலையில் எடை. இறக்கி வைத்த கையோடு ட்ரெட்மில்லில் முக்கால் மணி ஓட்டம். சாயங்காலம் கடை பூட்டியதும் மறுபடி ஒரு ஓட்டம். எடை தூக்கும்போது மூட்டை எண்ணுகிற மாதிரியே எண்ணுவார்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." ஒன்று என்று சொல்லித் தொடங்கினால் வியாபாரம் ஒற்றையாய் நின்றுவிடும் என்பது அவருடைய அப்பா காலத்து நம்பிக்கை.

"ஒண்ணு எவிடெ போயி?" என்று சோனியா சிரிப்பாள்.

"அது லாபத்துல போயிருச்சும்மா."

ட்ரெட்மில்லில் நாடித்துடிப்பு காட்டும் சின்னத் திரை ஒன்று உண்டு. ஏறியவுடன் அழகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிடுவார். தன்னுடைய எந்த எண்ணும் அடுத்தவன் கண்ணில் படக் கூடாது. சோனியா துண்டை எடுப்பாள். அவள் நகர்ந்ததும் துண்டு திரும்ப வந்துவிடும்.

அந்தத் துண்டு அவர்கள் பிழைப்பு. மிளகு விலை இன்றைக்குப் போனில் ஓடுகிறது. தெருவில் பாதிப் பேர் திரையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பெரிய லாட் என்றால் இவர்கள் இருவரும் இன்னும் பழைய முறைதான். கடைவாசலில் நின்று, கைகளைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலை அழுத்தி விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு முகங்கள் மட்டும். அந்த முகங்களில் ஒன்றும் இருக்காது.

வைத்திக்கு மட்டும் அந்தத் துண்டுக்கு அடியில் இன்னொன்று தெரியும். விலை பேசும்போது அவருடைய நடுவிரல் எதிராளியின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, சும்மா கிடப்பது போலக் கிடக்கும். 'இதுதான் கடைசி விலை' என்று அழுத்துகிறவனுடைய நாடி ஒரே சீராக ஓடினால் அவன் சொல்வது நிஜம். தடுமாறினால் இன்னும் இறங்குவான். இருபது வருடமாக இந்த விரல்தான் அவர் வீட்டுக்கு மாடி எடுத்தது. மனைவி செல்வலட்சுமிக்குக்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

அழகருடைய நாடி பாறை. பொய் சொல்லும்போதும் சீராகத்தான் ஓடும். அதனாலேயே வைத்திக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பிடித்துக்கொண்டு கோடவுன் சுவரெல்லாம் வியர்த்திருந்த ஒரு காலையில், அந்தப் பாறை அசைந்தது. துண்டுக்கு அடியில் அழகர் கடைசி விலையை அழுத்தினார். அவருடைய நாடி நாலு அடித்து, ஒன்றை விட்டது. மறுபடி மூன்று அடித்து, ஒன்றை விட்டது.

'மாட்டினாரு' என்று நினைத்துக்கொண்டார் வைத்தி. கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்துக் கேட்டார். முன்பெல்லாம் அழகர் கையை உதறிவிட்டு எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போவார். அரை மணி கழித்து மூன்று ரூபாய் குறைப்பில் வந்து நிற்பார். அன்றைக்கு, "சரி, எடுத்துக்க. என்னமோ நிக்க முடியல" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து பேரம். ஐந்திலும் நாடி விட்டு விட்டு அடித்தது. ஐந்திலும் வைத்தி ஜெயித்தார். அழகர் இளைத்தார், சட்டை தொங்கியது, கன்னத்தில் குழி விழுந்தது. தெருவே பாராட்டியது. "பாத்தியா, எப்படி இறங்கிட்டேன்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டுவார். விலையிலும் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்தி மனதுக்குள் சிரித்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை சோனியா எல்லோரையும் நிறுத்தி, தங்கள் நாடியைத் தாங்களே பார்க்கக் கற்றுக் கொடுத்தாள். அழகர் மூலையில் பளு ஏற்றிக்கொண்டிருந்தார், வரவில்லை.

"பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. பதினெட்டு வந்தா எழுபத்திரண்டு. நல்ல கணக்கு."

"நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டா?" வைத்தி சும்மாதான் கேட்டார்.

"எப்பவாச்சும் ஒண்ணு விட்டா பயப்பட வேண்டாம். நாலுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணுன்னு விட்டுட்டே இருந்தா, கூட அசதியும் இருந்தா, அப்பவே எல்லாத்தையும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். அப்படிப்பட்டவன் எடை தூக்கிட்டு அதோட ஓடவும் செஞ்சா..." அவள் முடிக்காமல் உதட்டைச் சுழித்தாள். "யாருக்கு அண்ணாச்சி? உங்களுக்கா?"

"எனக்கில்ல. சும்மா கேட்டேன்."

மாடியில் தகரக் கூரை மேல் மழை கொட்டியது. மூலையில் அழகர், "லாபம், ரெண்டு, மூணு" என்று மூச்சு வாங்கினார். வைத்தி தன் நடுவிரலைப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அது சொன்னதை அவர் தப்பாகப் படித்திருந்தார். அழகர் இந்த ஆறு பேரத்தில் ஒன்றிலும் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். பதில் சொன்னால் விரல் போச்சு. பிறகு இந்தத் தெருவில் எவனும் துண்டுக்கு அடியில் கை கொடுக்க மாட்டான். செவ்வாய்க்கிழமை வேறு இடுக்கியிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. 'இந்த ஒண்ணு முடியட்டும்' என்று வைத்தி தனக்கே தவணை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை துண்டுக்கு அடியில் நாடி மூன்றுக்கு ஒன்று விட்டது. பிறகு இரண்டுக்கு ஒன்று. அழகருடைய கை குளிர்ந்திருந்தது, உள்ளங்கை ஈரம். தெரிந்தே வைத்தி நாலு ரூபாய் குறைத்தார். அழகர் தலையசைத்தார். லாரி இறங்கியது.

ராத்திரி வைத்திக்குச் சோறு இறங்கவில்லை.

புதன் காலை ஜிம்முக்குள் நுழையும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். அழகர் அதற்குள் எடையை முடித்திருந்தார். முகம் பழைய சாக்கின் நிறத்தில் இருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே ட்ரெட்மில் பக்கம் போனார்.

"அண்ணே, இன்னிக்கு ஓட வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்க நாடி சரியில்ல."

அழகர் நின்றார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"வெள்ளிக்கிழமை என்னோட அம்பது மூட்டை வருதுன்னு எவன் சொன்னான் உன்கிட்ட?"

"மூட்டை கெடக்கட்டும்ணே."

"நான் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா, என் மச்சினன்கிட்ட நீ பாதி விலைக்கு அள்ளிருவ. அடேய் வைத்தி, எங்கிட்டயேவா?"

"உங்க பொண்ணு மேல சத்தியமா..."

"உன் பொண்ணு மேல பண்ணு."

"அண்ணே, விளையாடாதீங்க. துண்டுக்கு அடியில நான் பாத்தேன். உங்க மணிக்கட்டுல. ரெண்டு அடிச்சு ஒண்ணு விடுது."

சொல்லிவிட்டார். அழகருடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அது கணக்குப் போடுகிற முகம், வைத்திக்குத் தெரியாததா?

"மணிக்கட்டுல" என்றார் அழகர்.

"ஆமா."

"இருபது வருஷமாவா?"

வைத்தி நடுவிரலை மடக்கிக்கொண்டார்.

"போன மாசம் நான் நிக்க முடியலன்னு சொன்னப்பவும் தெரியுமா உனக்கு?"

"அப்ப நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நேத்து?"

மழை விட்டிருந்தது. கீழே எங்கோ மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம். நேற்றைய நாலு ரூபாய் வைத்தியின் முகத்தில் இருந்தது.

"இங்க பாருங்கண்ணே, கையக் கொடுங்க. சோனியாவே எண்ணிப் பாக்கட்டும்."

"கையா?" அழகர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இனி எவனுக்கும் கொடுக்க மாட்டேன்."

ட்ரெட்மில்லில் ஏறினார். துண்டைத் திரை மேல் விரித்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும் என்கிற இடத்தில் ஆத்திரத்தோடு ஆறேழு தரம் அழுத்தினார். பெல்ட் ஓட, மேலே அழகர் ஓடினார். வைத்தி பக்கத்திலேயே நின்று, "அண்ணே, இறங்குங்க. வெள்ளிக்கிழமை மூட்டைய நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன். இறங்குங்க" என்று கெஞ்சினார். தன் வாழ்நாளில் அவர் விலை கேட்காமல் வாங்க ஒத்துக்கொண்டது அந்த ஒரு லாட்தான். அழகர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சோனியா!" என்று வைத்தி கத்தினார். அவள் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடிக்கவும் அழகருடைய கால் மடங்கவும் சரியாக இருந்தது. பெல்ட் அவரைப் பின்னால் கொண்டுவந்து, ஒரு மூட்டையை இறக்குவது போல, வைத்தியின் காலடியில் போட்டது. துண்டு மட்டும் திரை மேலேயே கிடந்தது.

சோனியா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மார்பில் காது வைத்தாள். "ஷிபு சேட்டா, ஆம்புலன்ஸ்!" மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் நடுவில் ஊன்றினாள். "அண்ணாச்சி, எண்ணுங்க. சத்தமா. முப்பது வரைக்கும்."

வைத்தி வாயைத் திறந்தார். வந்தது அதுதான்:

"லாபம். ரெண்டு. மூணு. நாலு..."

முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மறுபடி லாபத்திலிருந்து. சோனியாவின் வியர்வை அழகருடைய சட்டையில் சொட்டியது. அவள் கை ஓய்ந்தபோது ஷிபு மாறிக்கொண்டார். வைத்தியின் குரல் உடைந்தது, ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை. பன்னிரண்டு சுற்று. முந்நூற்று அறுபது அழுத்தம், இருபத்துநாலு மூச்சு. அதற்குப் பிறகுதான் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவர்கள் நெஞ்சில் பட்டையை ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி, ஒரு தரம் அதிர்வு கொடுத்தார்கள். இன்னொரு தரம் கொடுத்தார்கள். யாரோ, "வந்நு, வந்நு" என்றார்கள். நாடி திரும்ப வந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம். யார் சொந்தம் என்று கேட்டார்கள். வைத்தி பதில் சொல்லாமல் ஏறிக்கொண்டார். பாக்கியலக்ஷ்மி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாக ஷிபு போனில் கேட்டுச் சொன்னார். அவளிடம் எதிலிருந்து தொடங்குவது என்று வைத்திக்குத் தெரியவில்லை. பஜார் ரோட்டின் நெரிசலில் வண்டி ஊளையிட்டு ஊர்ந்தது. அழகருடைய கண்கள் மூடியிருந்தன. ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு மெல்லிசாகப் பனித்தது. மேலே ஒரு பச்சைப் போர்வை.

வைத்தி போர்வைக்கு அடியில் கையை விட்டார். மறுக்க முடியாமல் கிடந்த அந்தக் கையைத் தேடிப் பிடித்து, நடுவிரலை வழக்கமான இடத்தில் வைத்தார். இடது கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து விநாடி எண்ணினார்.

வரவேண்டியது பதினெட்டு. வந்தது பதினொன்று. பாக்கி ஏழு.