அடிக்கு அடி மங்கிய விளக்கு

தறி மில்லில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வருஷக்கணக்கில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று நின்று அவர்கள் காது மந்தமாகிப் போயிருந்தது. பாட்டின் வரிகள் பாதி கேட்காது, குழலும் வயலினும் சுத்தமாகக் கேட்காது. ஆனால் கனத்த தாளம் மட்டும் தரை வழியாக ஏறி உள்ளங்காலில் வந்து தட்டும். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் ஆடினார்கள்.

முன்பு வகுப்பு ஒரு வாடகை ஹாலில் நடந்தது. அந்த ஹாலை அட்டைப்பெட்டி அடுக்குவதற்கு யாருக்கோ விட்டுவிட்டார்கள். டீச்சர் அசரவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு வகுப்பை மாற்றினாள். அங்கே விளக்கும் கிடையாது, பிளக் பாயின்ட்டும் கிடையாது. இருந்தது அவளுடைய பழைய கார் ஒன்றுதான்.

காரை மேடையாக்கும் பொறுப்பை அவள் கொழுந்தன் ஏற்றுக்கொண்டான். மெதுவாகப் பேசத் தெரியாதவன் என்பதால் வீட்டில் அவனுக்கு டமாரம் என்று பெயர். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டியைச் செருகினான். அதற்குச் சத்தம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

"அண்ணி, இதைப் போட்டீங்கன்னா செத்தவனும் எந்திரிச்சு ஆடுவான்!"

"செத்தவங்க வேண்டாம் தம்பி. என் கிளாஸுக்கு வர்றவங்க ஆடினாப் போதும்."

முதல் நாள் சாயங்காலம், ஹெட்லைட்டை மைதானத்தின் பக்கம் திருப்பி, நான்கு கதவையும் திறந்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். தரை அதிர்ந்தது. தறிப் பெண்களின் முகம் மலர்ந்தது. ஆனால் தாளம் விழுந்த ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்கி, மறுபடி எரிந்தது. டம் என்றால் இருட்டு, அடுத்த நொடி வெளிச்சம், மறுபடி டம், மறுபடி இருட்டு. முதலில் சிரித்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருத்தி இருட்டில் காலைத் தப்பாக வைத்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எதிர்ச்சாரியில் மாடியில் ஜிம் வைத்திருந்தவர் மட்டும் சிரித்தார். சுவரெல்லாம் கண்ணாடியும் கூரையெல்லாம் டியூப் லைட்டுமாக இருக்கும் அவருடைய ஹால். டீ கிளாஸோடு பால்கனியில் நின்று குரல் கொடுத்தார்: "டீச்சர், உங்க கார் என்னைப் பாத்துக் கண்ணடிக்குதே!"

டமாரம் மறுநாளே கார் சாமான் கடையிலிருந்து ஒரு கெபாசிட்டர் வாங்கி வந்தான். ஃபிளாஸ்க் மாதிரி உருண்டையாக, தலையில் வோல்ட்டைக் காட்டும் நீல நிற எண்களோடு இருந்தது. கரன்ட்டைச் சேர்த்து வைத்து, தாளம் விழும்போது எடுத்துக் கொடுக்குமாம். பொருத்தினார்கள். பாட்டுப் போட்டதும் நீல எண்கள் பதினாலிலிருந்து பதினொன்றரைக்குச் சரிந்தன, ஏறின, மறுபடி சரிந்தன. விளக்கும் கூடவே மங்கியது.

"இப்ப எவ்வளவு மோசமா மங்குதுன்னு நம்பர்லயே தெரியுது. இதுவும் ஒரு முன்னேற்றம்தான்" என்றாள் டீச்சர்.

அப்புறம் பெரிய பேட்டரி போட்டார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லாமல் இருந்தது. ஒருநாள் வகுப்புக்கு நடுவில் இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. சாவியைத் திருகினால் கிளிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. தறிப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து தள்ளித்தான் கார் அன்று வீடு போய்ச் சேர்ந்தது. வகுப்புக்கு வரும் தலைகள் குறைய ஆரம்பித்தன.

வெளியூர் வேலையில் இருந்த கணவர் போனில் சொன்னார்: "எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டற? சத்தத்தைக் குறைச்சுக்கோயேன். பிரச்சினை தீந்துச்சு."

ஒருநாள் அதையும் செய்து பார்த்தாள். விளக்கு அசையாமல் எரிந்தது. ஆனால் தறிப் பெண்கள் ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தபடி தடுமாறி நின்றார்கள். அவர்களில் மூத்தவள் கேட்டாள்: "டீச்சர், பாட்டு போட்டாச்சா?"

அந்தக் கேள்வி டீச்சரைச் சுருக்கென்று குத்தியது. பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "இங்க யாருக்காவது கரன்ட் வேலை தெரியுமா?" என்று கேட்டாள்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மில்லைச் சேராதவள்; லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. "கார் எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா கரன்ட் எங்க முட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கலாம். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்தார்கள். டமாரம் உள்ளே உட்கார்ந்து பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். லிஃப்ட் அக்கா மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்தாள். அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் அநேகமாக எதுவும் காட்டக் கூடாது. காட்டியதோ ஒவ்வொரு அடிக்கும் ஒன்றரை வோல்ட்.

"இந்த எர்த்து வயர்லதான் ஏதோ இருக்கு" என்றாள்.

டீச்சர் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவாள். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வயரைக் கையால் பிடித்தாள். "அம்மாடி! சுடுது!"

இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வயரை அவிழ்த்தார்கள். உள்ளே கம்பி பாதிக்கு மேல் பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. கார் பாடியில் அது முடுக்கியிருந்த இடத்தில் துருவும் பெயின்ட்டும் அப்பிக் கிடந்தன. பேட்டரியிலிருந்து கிளம்பிய கரன்ட் திரும்பி வர வழியில்லாமல் அங்கே திண்டாடிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் பேட்டரியை மாற்றி என்ன, கெபாசிட்டரை வைத்து என்ன?

டீச்சர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும்வரை தேய்த்தாள். தோள் கழன்றுவிடும்போல இருந்தும் விடவில்லை. லிஃப்ட் அக்கா விரல் தடிமனுக்கு மூன்று புது வயர் இழுத்தாள். பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, டைனமோவிலிருந்து பேட்டரிக்கு ஒன்று.

பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். விளக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. பெரிய அடி விழும்போது மட்டும் லேசாக ஒரு தலையசைப்பு.

"முக்கால்வாசி பத்தாது" என்றாள் டீச்சர்.

அப்போது டமாரம் தொண்டையைச் செருமினான். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினான். "அண்ணி... ஆம்ப்ளிஃபயர்ல பாட்டை எவ்வளவு ஊதிப் பெருக்கணும்னு வைக்கிற ஒரு திருகு இருக்கு. அதை நான் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருக்கேன்."

"ஏன் தம்பி?"

"இருக்கிறதை எதுக்கு மிச்சம் வைக்கணும்னுதான்."

லிஃப்ட் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். திருகைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்ததும் ஸ்பீக்கரின் கரகரப்பு போய், அடி முன்னைவிடத் தெளிவாக, பலமாக விழுந்தது. ஆனால் ஓடும் இன்ஜினிலிருந்து கரன்ட் எடுத்துத் தர வேண்டிய டைனமோ, இந்தக் காரின் விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் அளந்து வைத்த பழைய சின்ன டைனமோ. அதற்கு இந்த ஸ்பீக்கர்களுக்குத் தீனி போட்டு மாளவில்லை.

அந்தக் குறையை டமாரம் தீர்த்தான். பழைய இரும்புக் கடைகளில் வாரம் முழுக்க அலைந்து, நொறுங்கிய வேன் ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு பெரிய டைனமோவைக் கழற்றினான். அதைத் தாங்கும் பிடிமானம் இந்தக் காருக்கு ஒத்துவரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து புதிதாக ஒன்று அடித்து வாங்கி வந்து, கையெல்லாம் கிரீஸோடு தானே பொருத்தினான்.

அடுத்த வகுப்பன்று இருட்டத் தொடங்கிய நேரத்தில் டீச்சர் பாட்டைப் போட்டாள். முதல் அடி விழுந்தது. அவள் கண் ஹெட்லைட்டை விட்டு அகலவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. விளக்கு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்தது. கெபாசிட்டரின் நீல எண்கள் பதினாலிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தன.

"மங்கலை! அண்ணி, மங்கவே இல்லை!" டமாரத்தின் குரல் பாட்டையும் மீறிக் கேட்டது.

அவர்கள் இரண்டாவது பாட்டுக்கு வந்தபோது பட்டென்று தெருவே இருண்டது. மில்லில், கடைகளில், அடுக்குமாடிகளில், எங்கும் கரன்ட் இல்லை. மாடி ஜிம்மின் டியூப் லைட்டுகளும் அவிந்தன. அந்த வட்டாரத்திலேயே வெளிச்சமும் பாட்டும் இருந்த ஒரே இடம் டீச்சரின் பழைய கார்தான்.

பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி, லுங்கியோடு ஒரு கடைக்காரர், துண்டு போர்த்திய ஜிம் பிள்ளைகள். அவர்கள் பின்னால் ஜிம்காரரும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"டீச்சர், நாங்களும் வரலாமா?"

"வாங்க சார். கடைசி வரிசை. இடது காலை முதல்ல எடுங்க."

மைதானம் நிறைந்தது. புதிதாக வந்தவர்கள் டீச்சரைப் பார்க்க முடியாமல் திண்டாடியபோது, தறிப் பெண்கள் தாங்களாகவே வரிசைக்கு ஒருத்தியாகப் பிரிந்து போய் நின்று காட்டினார்கள். மூத்தவள் ஜிம்காரருக்கு முன்னால் நின்று, "காதால கேக்காதீங்க சார், காலால கேளுங்க" என்று அதட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். சற்று நேரத்தில் அவர் முகத்தில் ஆச்சரியம் பரவியது.

டீச்சர் நிறைந்த மைதானத்தைப் பார்த்தபடி நின்றாள். எண்ணிக்கை சொல்ல மறந்தே போனது. லிஃப்ட் அக்கா பக்கத்தில் வந்து அவளுக்குப் பதிலாக "ஒண்ணு, ரெண்டு, திரும்பு!" என்று கத்தினாள்.

சிறிது நேரத்தில் கரன்ட் வந்தது. தெரு முழுக்கப் பளிச்சென்றது. ஒருவரும் நகரவில்லை. டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சத்தத்தை இன்னும் ஒரு சுற்று கூட்டிவிட்டு, முன்வரிசைக்கு ஓடினாள்.