படகுச் சிரிப்பு

டெர்வினின் சிரிப்பைக் கேட்டுத்தான் ஆக்சிலியா கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். தூத்துக்குடியிலிருந்து அவள் போனில் சொன்ன ஒவ்வொரு ஜோக்குக்கும் வண்டூரிலிருந்து அவன் சிரித்தான். முதலில் ஒரு “ஹே!”, அப்புறம் மூன்று “ஹா”, கடைசியில் தொடையில் ஒரு தட்டு. இத்தனை ரசனையுள்ள மாப்பிள்ளை அந்தமானில் கிடைப்பான் என்று யார் நினைத்தார்கள்?

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும், அவன் ஓட்டும் கண்ணாடித்தரைப் படகில் முதல் தடவையாக ஏறினாள். மெயின்லாண்டிலிருந்து வந்த ஒருவர் குனிந்து பார்த்து, கண்ணாடி உடைந்தால் மீன் உள்ளே வருமா என்று இந்தியில் கேட்டார்.

டெர்வின் “ஹே!” என்றான். மூன்று “ஹா”. தொடையில் தட்டு.

அடுத்த நடையில் வேறொருவர் அதையே கேட்டார். ஒரு “ஹா” கூடவுமில்லை, குறையவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆக்சிலியா பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் டூரிஸ்ட்டுக்கும் ஒரே சிரிப்பா?”

“அரே, அது பத்து வருசப் பழக்கம் ஆக்சி. முதலாளி சொல்லிக் குடுத்தது. நல்லாத்தானே இருக்கு?”

“என் ஜோக்குக்கு ஒரு தடவையாவது தானா சிரிப்பு வந்திச்சா?”

அவன் கடலைப் பார்த்தான். அந்த வீட்டிலிருந்து கடல் தெரியாது.

அன்றுமுதல் வீட்டில் தொழில் சிரிப்புக்குத் தடை. ஆறு நாளில் பதினொரு ஜோக் சொன்னாள். வீடு, விடுமுறை நாளின் அரசு அலுவலகம்போல அமைதி காத்தது. இரண்டு வருடமாக இவன் மனைவியோடு வாழ்ந்தானா, டிக்கெட் வாங்கிய யாரோ ஒருத்தியோடா? இரவெல்லாம் அதுவே அவளை அரித்தது.

சனிக்கிழமை, மீனுக்கு மசாலா தடவும்போது அது வெடித்தது.

“இப்படித்தானே என்னை ஏமாத்துனீங்க? ஹே! ஹா, ஹா, ஹா!”

வேகத்தில் தொடையிலும் தட்டிவிட்டாள். வெள்ளை நைட்டியில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

டெர்வினிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்போல முதலில் இருமல், பிறகு மூக்கில் உறுமல், பிறகு ஒரு கீச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

“ஐயே, இதென்ன கண்றாவி?”

“இதாம்டி அசலு... பன்னி மாரி சிரிச்சா பொண்ணு கிடைக்காதுன்னு அம்மா சொல்லிச்சு.”

ஆக்சிலியாவுக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திச் சிரிப்பதுதான் அவள் அம்மா பழக்கியது. கையெல்லாம் மிளகாய்; பொத்த வழியில்லை. இருபத்தாறு வருடம் அடைந்து கிடந்தது கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் பதில் சொல்லின.

டெர்வின் மிரண்டு போனான். “நீ மட்டும் என்ன, இதை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?”

மூச்சு வந்ததும் அவள் சொன்னாள்: “நாளைக்குப் பூசையில ஃபாதர் ஜோக் சொன்னா மட்டும் ரெண்டு பேரும் பழசையே சிரிப்போம்.”