ஏழாம் எண் சட்டை

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வெட்டும் மேசைமேல் வைத்தபோது, என் கணவர் ஒரு பள்ளிச் சட்டையின் கைக்குழிக்குச் சாக்பீஸால் வளைவு போட்டுக்கொண்டிருந்தார். வளைவு பாதியில் நின்றது. போன் அடித்தாலும், கடைக்குள் யார் வந்தாலும் போட்ட வளைவை முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறவர் அவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பாதி வளைவை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

படத்தில் இருந்தது சாம்பல் நிறச் சட்டை, பாக்கெட்டுக்கு மேல் மஞ்சள் பட்டை. எங்கள் கடையில் தைத்ததுதான். பெயின்ட் கிடங்கின் சீருடை. இருபது மாதங்களுக்கு முன்னால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை வேலைக்குப் போன பதினோரு பேர், தீப்பிடித்தபோது வெளிப்பக்கம் பூட்டியிருந்த ஒரு கதவுக்கு உள்பக்கமே நின்றுபோனார்கள். அதில் ஒருவன் என் கொழுந்தன். அவன் மனைவி, நாங்கள் சின்னு என்று கூப்பிடுகிறவள், அப்போது ஜன்னலோரத்து மெஷினில் காலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

“சார், இத நீங்கதான் தெச்சீங்கன்னு சொன்னாங்க. நான் சினிமாவுல காஸ்ட்யூம் பாக்கறேன்” என்றாள் வந்தவள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தாள், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. “பதினோரு பேருக்கு ஆளுக்கு மூணு செட் வேணும். முதல் செட் புதுசா இருக்கணும். ரெண்டாவது செட்டுல நாங்க அழுக்கும் புகையும் ஏத்திப்போம். மூணாவது செட்ட எரிச்சுப்போம். அத எங்க ஆளுங்களே பாத்துப்பாங்க, நீங்க தெச்சு மட்டும் குடுங்க.”

“எத்தன நாள்ல?” என்று கேட்டேன். மாஸ்டர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தது. (ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. நானும்.)

“பத்து நாள்.”

“முடியாதும்மா” என்றார் அவர். “இந்தத் துணிய ஒரு நாள் ஊற வெச்சு, நெழல்ல காய வெச்சு, அப்புறம்தான் கத்திரி வெக்கணும். நனையாத துணிய வெட்டினா தெச்சப்புறம் சுருங்கிடும்.”

“ஒரு தடவ போடற சட்டைதானே சார்? சுருங்கினா என்ன?”

“என் கடைச் சட்டை சுருங்கக் கூடாது.”

அவள் பெருமூச்சு விட்டாள். பொய் சொல்லத் தெரியாத முகம். “எனக்கும் இது ரொம்ப சீக்கிரம்னுதான் தோணுது. விசாரணையே இன்னும் முடியல. ஆனா இன்னொரு கம்பெனியும் இதே கதைய எடுக்கறாங்க. யாரு முந்தறாங்களோ அவங்களுக்குத்தான் தியேட்டர் கெடைக்கும்.”

மெஷின் சத்தம் நின்றது. சின்னு திரும்பாமலே சொன்னாள்: “எடுத்துக்கலாம் மாமா.”

அவளுக்கு நாங்கள் சொல்லியிருந்தது ஒரு பொய். அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னுடையது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பார்த்தது மாஸ்டர் ஒருவர்தான். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. சட்டையிலும் காலரும் பாக்கெட்டும்தான் மிச்சம். கொழுந்தன் எப்போதும் ஸ்கூட்டர் சாவியைத் தொலைக்கிறவன். அவனுக்காக மட்டும் பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன உள்பாக்கெட் வைத்துத் தைத்திருந்தார். தைத்த அன்று மெஷினில் சிவப்பு நூல் மாட்டியிருந்ததால் சிவப்பிலேயே ஓட்டிவிட்டார். அந்தச் சிவப்புத் தையலை வைத்துத்தான் தம்பியைக் கண்டுபிடித்தார். சாவி அதற்குள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், வண்டிகள் நிறுத்துகிற கொட்டகையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி முடித்தபோது அவருக்குப் பல் கிட்டியது. நான்தான் சொன்னேன்: “சின்னுகிட்ட புகையில மூச்சு முட்டிடுச்சுன்னு சொல்லுங்க. தூங்கற மாதிரி இருந்தான்னு சொல்லுங்க. சுத்திக் கட்டினதப் பிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு நான் சொல்லிக்கறேன்.” தையல்காரர்களுக்குத் தானாக வருகிற ‘நாளைக்கு ரெடி’ என்ற பொய்கூட வராத மனிதர் அவர். கடையில் அதையும் நான்தான் சொல்வேன். அவளிடம் அந்த ஒரு பொய்யை மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

சாவியை நான் சோப்புத் தூள் போட்டு, சுரண்டிச் சுரண்டிக் கழுவிக் கொடுத்தேன். அந்த ஸ்கூட்டரில்தான் சின்னு மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள்.

அந்தப் பெண் போனதும் நான் முதலில் செய்த காரியம், அவள் விட்டுப்போன கோப்பைத் திறந்து பார்த்ததுதான். எந்தச் சட்டையில் எவ்வளவு எரிந்தது என்று விசாரணை அறிக்கையிலிருந்து எடுத்த பட்டியல். பெயர் இல்லை, எண்கள் மட்டும். ‘ஏழு: காலர், பாக்கெட் தவிர முழுவதும். உள்பாக்கெட், சிவப்பு நூல்.’ அந்தத் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்து, பட்டன் டப்பாவின் அடியில் வைத்து, மேலே பட்டன்களைக் கொட்டினேன். படம் வெளிவந்தால் எத்தனை டப்பாவைக் கொண்டுபோய் எதை மூடுவேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

“எதுக்குடீ ஒத்துக்கிட்ட?” என்று சாயங்கால டீயின்போது சின்னுவைக் கேட்டேன்.

“வேற கடைக்குப் போனா மஞ்சப் பட்டையக் கோணலா வெப்பாங்கக்கா.”

“வெளையாடாத.”

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். “பாப்பாவுக்கு அவங்கப்பா மொகம் ஞாபகமே இல்ல. இருக்கற நாலு போட்டோலயும் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கறாரு அந்த மனுஷன். நாளைக்கு இந்தப் படத்தப் பாத்துத்தான் அவ தெரிஞ்சுக்கப் போறா. கதைய அவங்க எப்படி வேணா எடுக்கட்டும். சட்டையாவது சரியா இருக்கட்டும்.”

“ரெண்டு வருஷம்கூட ஆகல. கொஞ்சம் பொறுத்து எடுக்கக் கூடாதா?” என்றார் மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி.

“எவ்வளவு பொறுத்தா சரியா இருக்கும் மாமா? எனக்கு இருபது வருஷம் ஆனாலும் சீக்கிரம்தான். ஜனங்களுக்கு இப்பவே பழசாயிடுச்சு. போன வாரம் பஸ்ல ஒருத்தர், எந்தக் கிடங்குன்னு என்னையே கேக்கறாரு.”

“படம் பாத்தா மட்டும் ஞாபகம் வெச்சுக்குவாங்களாக்கும். பாப்கார்ன் தின்னு முடிக்கற வரைக்கும்.”

“அது வரைக்குமாவது வெச்சுக்கட்டுமே.”

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. என் பயம் வேறு. அவள் தியேட்டரில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத முந்நூறு பேரோடு சேர்ந்து, அந்த மூன்றாவது செட்டைப் பார்ப்பாள்.

நாங்கள் யார் என்று சினிமாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் சின்னு. “தெரிஞ்சா அழுதுகிட்டே பேசுவாங்க. வேல கெட்டுடும்.” துணி வந்தது. மாஸ்டர் பிடிவாதமாக ஊற வைத்தார். மொட்டை மாடியில் கொடி கட்டி, மேலே பழைய போர்வையை விரித்து நிழல் பண்ணிக் காயப் போட்டோம். நடிகர்களின் அளவுகள் தனித்தனித் தாளில் வந்திருந்தன. வழக்கமாக அவர் அளவைச் சொல்லச் சொல்ல சின்னு எங்கள் அளவு நோட்டில் எழுதுவாள். இந்த முறை அவள் தாளைப் படித்தாள், அவர் வெட்டினார். ஏழாம் எண் தாளை அவள் படித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மார்பு நாற்பத்திரண்டு என்று தெளிவாகப் படித்தாள். அவரும் தலையாட்டிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

எட்டாம் நாள் ட்ரையலுக்கு ஏழாம் எண்ணாக நடிப்பவன் வந்தான். பணிவான ஆள். உயரம், உடற்பயிற்சி செய்து ஏற்றிய தோள். தன் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று, எங்கள் சட்டையை மாட்டினான். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. மார்புப் பட்டன் காஜாவைத் தொடவே இல்லை. இடது தோள் மட்டும் விநோதமாகக் கீழே இறங்கியது.

“மாஸ்டர், நான் வேணா சாப்பாட்டக் கொறச்சுக்கட்டுமா?” என்றான்.

காஸ்ட்யூம் பெண் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பி இவரைப் பார்த்தேன். அப்புறம் என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் டேப்பை அந்த ஆள்மேல் வைக்கவில்லை. சட்டைமேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். மார்பு முப்பத்தெட்டு. இடது தோள் வலதைவிட அரை இஞ்ச் இறக்கம்.

பத்து வயதில் அண்ணன் ஓட்டிய சைக்கிளின் பின்னாலிருந்து விழுந்து தம்பிக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. கூடியபோது தோள் அரை இஞ்ச் இறங்கிவிட்டது. அதன் பிறகு அவன் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் யாருக்கும் தெரியாமல் அந்த அரை இஞ்சைச் சரிகட்டியவர் இவர். காது நாற்பத்திரண்டைக் கேட்டிருக்கிறது. கை அதைக் கேட்கவில்லை.

“பரவால்ல சார்” என்றாள் காஸ்ட்யூம் பெண், நல்ல மனதோடுதான். “வீணாப் போகாது. இத மூணாவது செட்டுக்கு வெச்சுக்கலாம். எரிச்சுட்டா அளவு யாருக்குத் தெரியப் போகுது?”

அவர் நடிகனின் தோளிலிருந்து சட்டையை, குழந்தைக்குக் கழற்றுவதுபோல ஒவ்வொரு கையாகக் கழற்றினார்.

“இது வேணாம்மா.”

“ஏன் சார்? வேற ஒண்ணு எதுக்குப் புதுசா...”

“வேணாம்மா. இது ஒரு தடவ எரிஞ்சாச்சு. காலரும் பாக்கெட்டும்தான் மிஞ்சிச்சு. போதும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எவ்வளவோ உதவி கேட்டிருக்கிறார். அப்படி ஒரு பார்வையால் கேட்டதில்லை. என்னிடம் எந்தப் பொய்யும் தயாராக இல்லை.

மெஷின் நின்றிருந்தது. சின்னு எழுந்து வந்தாள். சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, பாக்கெட்டை உள்பக்கம் புரட்டினாள். சிவப்பு நூல். யாரும் சொல்லாமலே அதையும் வைத்துத் தைத்திருந்தார். அவள் கட்டைவிரல் அந்தத் தையல்மேல் போய்ப் போய் வந்தது.

காஸ்ட்யூம் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ... எங்களுக்கு யாருமே சொல்லலையே...”

“உங்க மேல ஒண்ணும் இல்லம்மா” என்றாள் சின்னு. பிறகு இவர் பக்கம் திரும்பினாள். “அக்கா சாவியக் கழுவிக் குடுத்தாங்க. எவ்வளவு கழுவினாலும் பல்லு இடுக்குல கருப்பு போகாது மாமா. தெனமும் அதத்தானே கையில பிடிக்கறேன். பாதி எனக்குத் தெரியும்.”

“சின்னு...” என்றேன்.

“நீங்க சும்மா இருங்கக்கா.” கோபம் இல்லை, ஆனால் அப்படி அவள் என்னைச் சொன்னதே இல்லை. “மீதியையும் நீங்களே சொல்லிடுங்க மாமா. அத நான் டிக்கெட் வாங்கிப் போய்த் தெரிஞ்சுக்கணுமா?”

பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, மடித்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. காஸ்ட்யூம் பெண்ணின் கையைப் பிடித்தேன், நடிகனையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவன் சட்டை உள்ளே கொக்கியிலேயே இருந்தது. யாரோ தைக்கக் கொடுத்து வருடக்கணக்காக வாங்க வராத ஒரு பூப்போட்ட சட்டை வாசல் பொம்மைமேல் இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டான். அது அவனுக்குப் பொருந்தியது.

கடைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். இரண்டு பேர் பள்ளிச் சட்டை வாங்க வந்தார்கள். “நாளைக்கு ரெடி” என்று அனுப்பினேன். எதிரே இருக்கிற மருந்துக் கடையின் கண்ணாடியில் எங்கள் கடை தெரிந்தது. முன்னால் நான், எனக்குப் பின்னால் வெட்டும் மேசை, அதன் இரண்டு பக்கமும் அவர்கள். அவர் சட்டையை மேசைமேல் மல்லாத்தி விரித்து, இரண்டு கைகளாலும் நீவினார். அளவு சொல்லும்போது எப்போதும் செய்கிற மாதிரியே விரலைக் காலரில் வைத்து ஆரம்பித்தார். உதடு அசைவது தெரிந்தது. விரல் வலது தோளுக்குப் போயிற்று. அங்கிருந்து கைக்கு. பிறகு இடது தோளில் வந்து நின்றுவிட்டது.

மேசையின் மறுபக்கத்திலிருந்து அவள் கை நீண்டது.

அப்போது ஒரு பேருந்து வந்து எனக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கையில் பை, குடை, தூங்கிப்போன ஒரு குழந்தை. நான் திரும்பிப் பார்க்காமல், அது நகர்வதற்காகக் காத்திருந்தேன்.